பக்கவாதத்துக்குப் பின்: மரபணு சொல்வதும் நம் கையில் இருப்பதும்

செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

"இது எங்க வம்சத்துலயே இருக்கு டாக்டர். தாத்தாவுக்கு வந்துச்சு, பெரியப்பாவுக்கு வந்துச்சு, இப்ப அப்பாவுக்கு. இனி என்ன பண்ணி என்ன?" பெங்களூரில் பக்கவாத நோயாளியை அழைத்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடம் போகும் குடும்பங்களில் இந்தப் பேச்சு சகஜம். கூடவே இன்னொரு கேள்வியும் வரும்: "பக்கத்துக் கட்டில்ல இருந்தவர் ரெண்டே மாசத்துல நடந்துட்டார். இவருக்கு மட்டும் ஏன் இன்னும் கை வரல?"

இரண்டு கேள்விகளுக்கும் மரபணுவில் கொஞ்சம் பதில் இருக்கிறது. பக்கவாதம் வருவதில் மரபணுவுக்குப் பங்கு உண்டு. 2022இல் 'நேச்சர்' இதழில் வந்த ஜிகாஸ்ட்ரோக் ஆய்வு, தெற்காசியர் உட்பட 1,10,182 நோயாளிகளின் மரபணுத் தகவலை அலசி, பக்கவாத அபாயத்தோடு தொடர்புள்ள 89 இடங்களைக் காட்டியது. தேறுவதிலும் மரபணுவுக்குப் பங்கு இருக்கும் என்பதற்கு அறிகுறிகள் உள்ளன. ஆனால் குடும்பத்துக்கு வேண்டியது வேறு: அந்தத் தகவல் எங்கே சிகிச்சையை மாற்றும், எங்கே மாற்றாது?

மாத்திரையைத் தேர்ந்தெடுக்க மரபணு உதவும். சில அபூர்வ நோய்களை அடையாளம் காணவும் உதவும். கை கால் எவ்வளவு தேறும் என்று முன்கூட்டிச் சொல்ல இன்றைக்கு அது உதவாது. இந்த வித்தியாசம் தெரிந்தால் பணமும் வீணாகாது, நோயாளியின் முதல் சில மாதங்களும் வீணாகாது.

செய்ய வேண்டியவை

1. முதல் மூன்று மாதங்களைப் பயிற்சிக்கென்றே ஒதுக்குங்கள். அடிபட்ட மூளை தன் இணைப்புகளைப் புதிதாகப் பின்னிக்கொள்ளும் வேகம் இந்த மாதங்களில்தான் அதிகம். அதற்குப் பிறகும் முன்னேற்றம் உண்டு, ஆனால் மெதுவாக. வீட்டுக்கு வந்ததும் "கொஞ்ச நாள் ஓய்வெடுக்கட்டும்" என்று படுக்க வைத்துவிட்டால் நல்ல காலம் கழிந்துவிடும். மருத்துவமனையிலிருந்து கிளம்பும் முன்பே பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, அன்றாட வேலைகளுக்குப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி ஆகியவற்றுக்குத் தேதி வாங்கிவிடுங்கள். ஓசூர் ரோட்டில் உள்ள நிம்ஹான்ஸில் நரம்பியல் மறுவாழ்வுக்குத் தனித் துறையே இருக்கிறது.

2. மரபணு எப்படியிருந்தாலும் திரும்பத் திரும்பச் செய்ய வையுங்கள். தேறுவது பற்றிய மரபணு ஆராய்ச்சியில் அதிகம் பேசப்படுவது பி.டி.என்.எஃப். நரம்புச் செல்கள் வளரவும் புது இணைப்பு உண்டாக்கவும் உதவும் ஒரு புரதத்தை உருவாக்கும் மரபணு இது. சிலருக்கு இதில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கும். செல்கள் வேலை செய்யும்போது அவர்களுக்கு அந்தப் புரதம் குறைவாகச் சுரக்கும். விரல் பயிற்சி கொடுத்துப் பார்த்ததில், இப்படிப்பட்டவர்களின் மூளையில் அந்த விரலுக்கான பகுதி மற்றவர்களுக்கு விரிந்த அளவு விரியவில்லை என்று 2006இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். இதைப் படித்துவிட்டு மனம் உடைய வேண்டாம். கலிபோர்னியாவில் ஆரோக்கியமானவர்களிடம் நடந்த 2011ஆம் ஆண்டு ஆய்வில், தீவிரமான பயிற்சியை நாள்கணக்கில் கொடுத்தபோது அந்த வித்தியாசம் மறைந்துபோனது. மரபணு பின்னுக்கு இழுத்தாலும் பயிற்சியைக் கூட்டினால் ஈடுகட்ட வழியிருக்கிறது என்பதே இதில் நமக்கான சேதி.

3. பயிற்சியை வீட்டு வேலையோடு சேருங்கள். வெறுமனே கையைத் தூக்கி இறக்குவதைவிட, ஒரு காரியத்துக்காகக் கையை நீட்டும்போது மூளை நன்றாகக் கற்கிறது. எவர்சில்வர் டம்ளரில் கால்வாசி தண்ணீர் ஊற்றி மேசைமேல் வையுங்கள். தளர்ந்த கை அதைத் தொட வேண்டும், விரல்கள் சுற்றிப் பிடிக்க வேண்டும், சிந்தாமல் வாய்வரை கொண்டுவந்து, மறுபடி அதே இடத்தில் வைக்க வேண்டும். கட்டை விரல் விரியாவிட்டால் பிடி கிடைக்காது. முதல் வாரம் அந்த விரிப்பு ஒன்றுதான் பயிற்சி. அடுத்து, தட்டில் கொட்டிய மொச்சையைப் பொறுக்கிக் கிண்ணத்தில் போடுவது, சட்டைப் பட்டன், பூக்கட்டும் பழக்கம் உள்ள அம்மாவாக இருந்தால் பூவும் நாரும். எத்தனை முறை என்பதைப் பயிற்சியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடிப் பயிற்சி பற்றியும் கேளுங்கள்: நல்ல கையின் பிம்பத்தைத் தளர்ந்த கையாக மூளைக்குக் காட்டும் இந்த முறையின் வேர், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் செய்த கண்ணாடிப் பெட்டிச் சோதனைகளில் இருக்கிறது.

4. மூன்று தலைமுறைக் குடும்ப வரலாற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். யாருக்கு, எந்த வயதில், அடைப்பா ரத்தக்கசிவா என்று எழுதுங்கள். ஒற்றைத் தலைவலி, காலில் ரத்தம் உறைதல், அடிக்கடி கருச்சிதைவு, இளவயதில் மாரடைப்பு, திடீர் மரணம் இருந்தால் அவற்றையும் சேருங்கள். பெற்றோர் சொந்தத்தில் திருமணம் செய்தவர்களா என்பதைத் தவறாமல் சொல்லுங்கள். அக்கா மகள், மாமன் மகள் திருமணம் நம்மிடையேயும் கன்னடர்களிடையேயும் உண்டு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் தோன்றும் ஹோமோசிஸ்டினூரியா போன்ற நோய்களுக்கு அதனால் வாய்ப்புக் கூடுகிறது. இளவயதிலேயே ரத்தம் உறையவும் கண் லென்ஸ் இடம் மாறவும் காரணமாகும் நோய் இது. சிலருக்கு வைட்டமின் பி6 மாத்திரையே நன்றாக வேலை செய்யும். மருத்துவருக்கு இந்தத் துப்புக் கிடைக்க வேண்டுமே!

5. இளவயதில் வந்தால் ஒற்றை மரபணு நோயா என்று கேளுங்கள். 50 வயதுக்குள், பிரஷர், சுகர், புகைப்பழக்கம் எதுவும் இல்லாமல் பக்கவாதம் வந்தால் இந்தக் கேள்விக்கு இடமுண்டு. கடாசில் என்ற நோய் நாட்ச்3 மரபணுவில் வரும் மாற்றத்தால் உண்டாகிறது: முதலில் ஒற்றைத் தலைவலி, நாற்பது ஐம்பதுகளில் சிறுசிறு பக்கவாதம், பிறகு மறதி. எம்.ஆர்.ஐ.யில் இதற்கென்றே சில அடையாளங்கள் தெரியும். குழந்தைக்குப் பக்கவாதம் வந்தால் அரிவாள் செல் நோய்க்கான ரத்தப் பரிசோதனை அவசியம். இந்தியாவில் இந்த நோய் முதலில் அறியப்பட்டது 1952இல், நீலகிரிப் பழங்குடியினரிடையே. முறையான இடைவெளியில் தொடர்ந்து ரத்தம் ஏற்றுவதன் மூலம் அடுத்த பக்கவாதத்தைப் பெருமளவு தடுக்கலாம் என்பதால், கண்டுபிடிப்பது உயிர் காக்கும்.

6. குளோபிடோகிரெல் மாத்திரை உடம்பில் வேலை செய்யுமா என்று கேளுங்கள். அடைப்பால் வந்த பக்கவாதத்துக்கு, ரத்தத் தட்டணுக்கள் ஒட்டாமல் இருக்க இதைக் கொடுப்பார்கள். இது விழுங்கியவுடன் வேலை செய்யும் மருந்தல்ல. சி.ஒய்.பி.2சி19 என்ற என்சைம் கல்லீரலில் அதை மாற்றிய பிறகே வேலை தொடங்கும். என்சைம் பலவீனமாக உள்ளவர்களுக்கு மருந்தின் பலன் குறையும். பிரிட்டனில் வாழும் 44,000க்கும் மேற்பட்ட வங்கதேச, பாகிஸ்தானிய வம்சாவளியினரை ஆராய்ந்ததில் 57% பேருக்கு இப்படிப்பட்ட மாற்றம் இருந்தது. 2021இல் வெளிவந்த சீன ஆய்வில், மாற்றம் உள்ள 6,412 பேரில் குளோபிடோகிரெல் எடுத்தவர்களில் 7.6% பேருக்கு 90 நாளுக்குள் மறுபடி பக்கவாதம் வந்தது. டிக்காகிரெலர் என்ற மாற்று மருந்தை எடுத்தவர்களில் 6.0%. பக்கவாத நோயாளிகளுக்கு இந்தப் பரிசோதனையைச் செய்யலாம் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2024இல் பரிந்துரைத்தது. இங்கே எல்லோருக்கும் செய்வது வழக்கமில்லை. மாத்திரை ஒழுங்காக எடுத்தும் மறுபடி வந்தவர்கள் கட்டாயம் கேளுங்கள்.

7. பிரஷரை வீட்டிலேயே அளந்து எழுதி வையுங்கள். 32 நாடுகளில் நடந்த இன்டர்ஸ்ட்ரோக் ஆய்வின் முன்னணி ஆசிரியர்களில் ஒருவர் பெங்களூர் செயின்ட் ஜான்ஸைச் சேர்ந்த மருத்துவர் டெனிஸ் சேவியர். உயர் ரத்த அழுத்தம், புகை, உணவு, உடலுழைப்பின்மை, சர்க்கரை, தொப்பை போன்ற பத்துக் காரணங்கள்தான் உலகில் 90% பக்கவாதங்களின் பின்னணி என்று அந்த ஆய்வு 2016இல் சொன்னது. முதலிடம் ரத்த அழுத்தத்துக்கு. வம்சத்தில் இருக்கிறது என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, ஒரே சமையலறையில் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் உப்பும், கவனிக்காமல் விட்ட பிரஷரும்தான்.

8. தெரிந்த எல்லா மொழியிலும் பேச விடுங்கள். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், ஆபீஸில் இங்கிலீஷ் என்று வாழ்ந்தவருக்குப் பேச்சுத் திரும்பும்போது எந்த மொழி முதலில் வருகிறதோ, அதில் தொடங்குங்கள். ஹைதராபாதில் 608 நோயாளிகளை வைத்து சுவர்ணா அல்லாடி குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், பக்கவாதத்துக்குப் பின் சிந்தனைத் திறன் குறையாமல் இருந்தவர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசுவோரில் 40.5%, ஒரே மொழி பேசுவோரில் 19.6%. பேச்சிழப்பு இரு சாராருக்கும் ஏறத்தாழ ஒரே அளவு. மொழிகள் பேச்சைக் காப்பாற்றாவிட்டாலும் யோசிக்கும் சக்திக்குத் துணை நிற்கின்றன போலும். பிறவியில் வராத, வாழ்ந்து சேர்த்த சொத்து இது.

9. மனச்சோர்வைச் சோம்பேறித்தனம் என்று நினைக்காமல் கவனியுங்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. பயிற்சி வேண்டாம் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பவருக்கு ஏச்சு உதவாது, சிகிச்சை உதவும். டெலிமானஸ் 14416 இலவச எண், தமிழிலும் பேசலாம். பார்த்துக்கொள்ளும் மனைவிக்கோ மகளுக்கோ மனம் தளர்ந்தாலும் இதே எண்ணை அழைக்கலாம்.

செய்யக்கூடாதவை

1. "வம்சத்து வியாதி" என்று சொல்லிக் கைவிடாதீர்கள். சாதாரணப் பக்கவாதத்தில் ஒரு மரபணு மட்டும் விதியை எழுதுவதில்லை. பல மரபணுக்கள், ஒவ்வொன்றும் சிறு அளவில் அபாயத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றன. நோயாளியின் காதில் விழும்படி "இனி இவ்வளவுதான்" என்று சொல்லவே சொல்லாதீர்கள்.

2. "எவ்வளவு தேறும்" என்று சொல்வதாக விற்கப்படும் மரபணுப் பரிசோதனைக்குப் பணம் கட்டாதீர்கள். அடைப்பால் வந்த பக்கவாதத்துக்குப் பின் தேறுவதை முழு மரபணுத் தொகுதியிலும் தேடிய ஜிஸ்கோம் ஆய்வு 2019இல் வந்தது. 6,165 நோயாளிகள், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியாவிலிருந்து. உறுதியான அளவுகோலைத் தாண்டியது ஒரே ஒரு இடம். அதை வைத்து சிவாஜிநகரிலோ ஸ்ரீராமபுரத்திலோ இருக்கும் ஒருவர் நடப்பாரா மாட்டாரா என்று கணிக்க முடியாது. இந்தியர்களின் மரபணு வேறுபாடுகளைத் தொகுக்கும் ஜீனோம் இந்தியா திட்டம், பெங்களூர் இந்திய அறிவியல் கழக வளாகத்தில் உள்ள மூளை ஆராய்ச்சி மையத்தின் தலைமையில் நடந்தது. அதன் சுமார் 10,000 பேரின் தரவு ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டதே 2025 ஜனவரியில்தான். நமக்கான பதில்கள் இனிமேல்தான் வர வேண்டும். அந்தப் பரிசோதனைக்கான பணத்தில் இன்னும் சில வாரம் பிசியோதெரபி கிடைக்கும்.

3. செய்தியைப் படித்துவிட்டு மாத்திரை வாங்காதீர்கள். சி.சி.ஆர்.5 என்ற மரபணு செயலிழந்தவர்கள் பக்கவாதத்திலிருந்து கூடுதலாகத் தேறினார்கள் என்று 2019இல் 'செல்' இதழில் வந்தது. அந்த மரபணு உருவாக்கும் புரதத்தைத் தடுக்கும் எச்.ஐ.வி. மருந்தான மராவிராக் எலிகளுக்கு உதவியது. எலிக்குக் கிடைத்த பலன் மனிதருக்கு உறுதியாகும்வரை அது சிகிச்சையாகாது. ஃபுளுவோக்ஸெட்டின் நல்ல பாடம்: 2011இல் சிறிய ஆய்வு ஒன்று கை கால் பலம் கூடுவதாகச் சொன்னது. 2018க்குப் பிறகு வந்த பெரிய ஆய்வுகளில் அந்தப் பலன் தெரியவில்லை, எலும்பு முறிவுதான் கூடியது. மனச்சோர்வுக்காக மருத்துவர் எழுதினால் அது வேறு விஷயம்.

4. ரிப்போர்ட்டைப் பார்த்து நீங்களே மாத்திரையை நிறுத்தாதீர்கள். குளோபிடோகிரெல் சரிவராது என்று பரிசோதனை சொன்னாலும், மாற்று மருந்தை மருத்துவர் எழுதும்வரை அதையே தொடருங்கள். வயிற்றெரிச்சலுக்காக மருந்துக்கடையில் ஒமிப்ரசோல், எசோமிப்ரசோல் கேட்டு வாங்காதீர்கள். அவை அதே கல்லீரல் என்சைமை மட்டுப்படுத்தும். நல்ல மரபணு இருந்தும் மாத்திரை பலனிழக்க இது ஒரு வழி.

5. தளர்ந்த கையைப் பிடித்துத் தூக்காதீர்கள். பலமிழந்த தோளில் எலும்பைத் தாங்கும் தசை வேலை செய்யாது. அக்குளில் கை கொடுத்தோ, கையைப் பிடித்தோ இழுத்தால் மூட்டு நழுவி, பிறகு வலிக்குப் பயந்தே கை பயிற்சிக்கு வராது. சரியான முறை இது: நல்ல பக்கம் திரும்பிப் படுக்க வையுங்கள். இரண்டு காலையும் கட்டிலுக்கு வெளியே தொங்க விடுங்கள். உங்கள் ஒரு கை அவருடைய தோள்பட்டை எலும்புக்குப் பின்னால், இன்னொன்று இடுப்பில். அவர் நல்ல முழங்கையை ஊன்றி எழ, நீங்கள் துணை மட்டும் கொடுங்கள். இன்னொன்று: பக்கவாதம் வந்த முதல் 24 மணி நேரத்துக்குள் தீவிரமாக எழுப்பி நடத்தவும் அவசரப்படாதீர்கள். 2,104 பேரிடம் நடந்த அவெர்ட் ஆய்வு, அப்படிச் செய்ததில் நல்லபடி தேறியவர்கள் குறைந்ததாக 2015இல் காட்டியது.

6. விழுங்கும் திறனைச் சோதிக்கும் முன் காபி, தண்ணீர், கஞ்சி எதையும் வாயில் ஊற்றாதீர்கள். பாசத்தில் கொடுக்கும் ஒரு வாய் நீர் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா ஆகலாம்.

7. பயிற்சியாளர் வேண்டாம், குடும்பமே போதும் என்று முடிவெடுக்காதீர்கள். இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளை வைத்து நடந்த அட்டெண்ட் ஆய்வு, குடும்பம் கொடுக்கும் பயிற்சி எவ்வளவு உதவும் என்பதைச் சோதித்தது. ஒரு பிரிவில் வழக்கமான சிகிச்சையோடு குடும்பத்தாருக்கும் பயிற்சி கொடுத்து வீட்டில் செய்யச் சொன்னார்கள், மறுபிரிவில் வழக்கமான சிகிச்சை மட்டும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், இறந்தவர்களும் பிறரைச் சார்ந்தே இருந்தவர்களும் சேர்ந்து இரு பிரிவிலும் 47%. 2017இல் வந்த இந்த முடிவு குடும்பத்தின் அன்பைக் குறைத்து மதிப்பிடவில்லை. நோயாளியின் நிலைமைக்கேற்ப வாரந்தோறும் பயிற்சியை மாற்றும் கண் பயிற்சியாளருக்குத்தான் உண்டு. அவர் சொன்னதை நாள் முழுக்கச் செய்ய வைப்பது குடும்பத்தின் வேலை. இரண்டும் வேண்டும்.

8. புறா ரத்தம் தடவி, பத்தியம் போட்டு நாளைக் கழிக்காதீர்கள். தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் இன்னும் இது நடக்கிறது. தோலில் தடவும் எதுவும் மூளையின் அடைப்பைத் தொடாது. அதற்காக பிரஷர், ரத்தம் உறையாமைக்கான மாத்திரைகளை நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து.

9. அறிகுறி இல்லாத குழந்தைகளுக்கு அவசரப்பட்டு மரபணுப் பரிசோதனை செய்யாதீர்கள். கடாசில் உள்ளவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50% வாய்ப்பு. ஆனால் முன்கூட்டியே தெரிந்தால் தடுக்கும் மருந்து இல்லை. வாழ்நாள் பாரம் மட்டும் ஏறும். 18 வயதான பிறகு, மரபணு ஆலோசகரிடம் பேசி, அவர்களே முடிவெடுக்கட்டும். "அவங்க வீட்டு ரத்தம்" என்று மருமகள் மீதோ சம்பந்தி மீதோ பழி போடாதீர்கள். மரபணுவை யாரும் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதில்லை. காப்பீட்டு நிறுவனம் 'மரபணு நோய்' என்ற ஒரே காரணத்தைக் காட்டி மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். அப்படி மறுக்கக்கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2018இல் அறிவுறுத்தியிருக்கிறது.

10. மறுபடி அறிகுறி வந்தால் காத்திருக்காதீர்கள். வாய் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறல், இவற்றில் ஒன்று வந்தாலும் நேரத்தைக் குறித்துக்கொண்டு 108ஐ அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு 4.5 மணி நேரம்தான் அவகாசம். சில்க் போர்டு நெரிசலில் அதில் ஒரு மணி நேரம் கரைந்துவிடும். சி.டி. ஸ்கேனும் ஊசி போடும் வசதியும் உள்ள மருத்துவமனை உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் எது என்று இன்றே விசாரித்து வையுங்கள்.

இந்த வாரத்துக்குள் செய்ய

- குடும்ப வரலாற்றுத் தாளை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி முடியுங்கள்.
- மாத்திரைச் சீட்டில் குளோபிடோகிரெல் இருக்கிறதா, கூடவே ஒமிப்ரசோல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.
- பிரஷர் மீட்டர் வாங்கி, காலை மாலை அளந்து எழுதுங்கள்.
- பயிற்சியாளரிடம் மூன்று வீட்டுப் பயிற்சிகளையும் அவற்றின் எண்ணிக்கையையும் கேட்டு வாங்கி, கட்டில் பக்கத்தில் ஒட்டுங்கள்.
- அந்தப் பயிற்சிக்கு யார், எந்த நேரத்தில் கூட இருப்பது என்று வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். அப்பாவின் மரபணுவை மாற்ற முடியாது. அவருடைய நாளை எப்படிச் செலவிடுவது என்பதை அவரும் நீங்களும் சேர்ந்து தீர்மானிக்கலாம். தேறுவதில் அதற்கும் பெரிய பங்கு உண்டு.